நலிந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கல்வி ஆதரவு

ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பம் இருவகைச் செலவுகளை ஏற்கிறது. குறிப்பேடு, காலணி, பேருந்துக் கட்டணம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவு. அக்குழந்தை வேலைக்குச் சென்றால் ஈட்டக்கூடிய கூலியும், வீட்டிலிருந்து தம்பி தங்கையரைக் கவனித்துக்கொண்டால் தாய்க்குக் கிடைக்கக்கூடிய வேலை நேரமும் கண்ணுக்குத் தெரியாத செலவு. பொருளாதார நூல்கள் இதனை வாய்ப்புச் செலவு என்கின்றன. கல்விக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் இது நீங்குவதில்லை. குழந்தை வளர வளர இச்செலவும் வளர்கிறது. ஆறு வயதில் கிடைக்காத கூலி பதினான்கு வயதில் கிடைத்துவிடுகிறது.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பகுதியில் உள்ளது கார்வேட்டிநகரம். முன்னாளில் ஜமீனின் தலைமையிடமாக விளங்கிய இவ்வூர் இன்று ஒரு மண்டலத்தின் தலைமையிடம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் இங்கு உள்ளது. தெலுங்கும் தமிழும் வழங்கும் இவ்வட்டாரத்தில் நிலக்கடலை, கரும்பு, மா ஆகியவை முக்கிய விளைபொருள்கள். அருகிலுள்ள நகரி, புத்தூர்ப் பகுதிகளில் விசைத்தறி நெசவு நடைபெறுகிறது. வயலிலும் தறியிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் இத்தகைய பகுதிகளில்தான் கல்வி உதவித் திட்டங்களின் பயனை மதிப்பிட வேண்டும்.

தாயின் கணக்கில் சேரும் தொகை

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய்மார்களுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வழங்கும் 'அம்ம ஒடி' திட்டத்தை ஆந்திர அரசு 2020 ஜனவரி 9ஆம் நாள் சித்தூர் நகரில் தொடங்கியது. குழந்தையின் பள்ளி வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆயினும் உதவி குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாக இல்லை. ஒரு தாய்க்கு ஒரு தொகை என்பதே விதி. இரு குழந்தைகள் படித்தால் தலைக்கு 7,500 ரூபாய். மூவர் படித்தால் 5,000 ரூபாய். 2025 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'தல்லிக்கி வந்தனம்' இக்குறையைக் களைந்தது. படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 15,000 ரூபாய் ஒதுக்கப்பட்டு, அதில் 2,000 ரூபாய் பள்ளிப் பராமரிப்புக்கும் 13,000 ரூபாய் தாய்க்கும் செல்கின்றன.

இத்தொகையை நாள் கணக்கில் பார்ப்பது பயனுடையது. 13,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 ரூபாய். மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 2024-25ஆம் ஆண்டுக்கு ஆந்திரத்திற்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 300 ரூபாய். அத்திட்டம் வயது வந்தோருக்கு உரியது. எனினும் ஊரகக் கூலிக்கு அது ஓர் அளவுகோல். சிறுவயதுக் குழந்தைக்கு 36 ரூபாய் கணிசமான துணை. வளர்ந்த பிள்ளையின் கூலியை அது ஈடு செய்யாது.

பதினான்கு வயதின் இடைவெளி

2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமற்ற கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும் உரியது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்கு உட்பட்டோரை வேலையில் அமர்த்துவதைத் தடை செய்கிறது. அதற்கு மேல் 18 வயது வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை உண்டு. கூலியின் ஈர்ப்பு மிகும் அதே வயதில் பாதுகாப்புகள் தளர்கின்றன என்பது இதனால் தெளிவாகும்.

இவ்விடைவெளியை நிரப்ப முயல்வது, 2008இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய் மற்றும் தகுதி அடிப்படையிலான உதவித்தொகைத் திட்டம். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு படிப்போருக்குத் தேர்வு நடத்தி, ஆண்டுதோறும் ஒரு லட்சம் மாணவர்களுக்குப் புதிதாக உதவி வழங்குவது இதன் இலக்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு 3.5 லட்சம் ரூபாய். ஆனால் தேர்வில் முன்னிற்கும் மாணவருக்கே இது பயன்படும். இடைநிற்கும் அபாயம் மிகுந்த சராசரி மாணவர் இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், கைம்பெண்களின் பிள்ளைகளுக்கும், கொடிய நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கும் வேறொரு வழி உண்டு. சிறார் நீதிச் சட்டம், 2015, 'நிதி ஆதரவு' என்பதைச் சட்டபூர்வமான ஏற்பாடாக்கியுள்ளது. குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல், குடும்பத்திலேயே வளர உதவுவது இதன் நோக்கம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய், வழங்கப்படுகிறது. ஊரகத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதற்குத் தகுதி பெறும். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகின் வழியே விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுகின்றன.

உலக அனுபவம்

தனிப்பட்ட கொடையாளர் ஒரு குழந்தையின் கல்விக்குப் பொறுப்பேற்கும் முறையும் பல நாடுகளில் நிலவுகிறது. இத்தகைய ஆதரவு பெற்று வளர்ந்தோரை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் படித்ததாகக் கண்டது. ஆதரவு பலன் தருகிறது என்பதற்கு இது சான்று. அதே வேளையில், ஒரு வீட்டில் ஒரு குழந்தையைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடும் முறை குடும்பத்திற்குள்ளேயே ஏற்றத்தாழ்வை உண்டாக்கக்கூடும். தனியார் கொடை அரசின் உதவிக்குத் துணையாக அமையலாமேயன்றி அதற்கு மாற்றாக இயலாது.

செய்ய வேண்டியவை

திட்டங்கள் பல இருப்பினும், அவற்றைத் தேடி அலையும் பொறுப்பு, படிப்பறிவு குறைந்த தாயின்மீதே விழுகிறது. நாள் கூலியை இழந்து அலுவலகத்திற்கு நடப்பதும் அவளுக்கு ஒரு செலவே. எனவே, எட்டாம் வகுப்பு முடியும் முன்னரே, தகுதியுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் பொருந்தும் திட்டங்களைத் தலைமை ஆசிரியரும் கிராமச் செயலகமும் சேர்ந்து கண்டறிந்து விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும். உதவித்தொகை பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே சேர வேண்டும். ஆண்டிறுதியில் வரும் பணம் இடைநின்ற பிள்ளையைத் திரும்பக் கொணராது. மேல்வகுப்புகளில் தொகை உயர வேண்டும். தொலைவிலிருந்து வருவோருக்கு விடுதியும் பேருந்து வசதியும் தேவை.

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே தொடர்ந்து சில நாள்கள் வெற்றிடம் விழுவதே முதல் அறிகுறி. அதைக் கண்ட வாரத்திலேயே அந்த வீட்டிற்கு ஓர் அலுவலர் சென்றால், அரசு ஒதுக்கும் தொகை உரிய குழந்தையைச் சென்றடையும்.