வளையத்தின் அகலம்

பொருட்காட்சியிலோ பள்ளி அறிவியல் கண்காட்சியிலோ இதைப் பார்த்திருப்பீர்கள். பலகை மேல் பாம்புபோல நெளிந்து நிற்கும் கம்பி, அதில் கோத்த சிறு வளையம். கம்பியில் பட்டுவிடாமல் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் பஸர் கத்தும். சென்ற கோடை விடுமுறையில் இதை நானும் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் வீட்டிலேயே செய்தோம். மூன்று நாள் பிடித்தது. அதில் இரண்டு நாள் கம்பிக்கே போயிற்று.

ஹார்டுவேர் கடையில் எர்த் போடுகிற எட்டாம் நம்பர் செம்புக் கம்பி என்று கேட்டால் தருவார்கள். சுமார் 4 மி.மீ. தடிமன், மேலுறை கிடையாது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். குறட்டால் வளைக்காதீர்கள், குறட்டின் பல் கம்பியில் தழும்பு போடும், வளையம் அங்கே போய்த் தட்டும். பாட்டிலின் கழுத்தும் சப்பாத்திக் கட்டையும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

புதுக் கம்பி சொன்னபடி வளையும். வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் செம்பு இறுகிவிடும். இரண்டாம் நாள் எங்கள் கம்பி அப்படித்தான் முரண்டு பிடித்தது. கேஸ் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டி, இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு இறுகும், செம்பு இளகும். சுருசுருவென்று ஆவி அடங்கியபின் தொட்டுப் பார்த்த மகளுக்கு, விரலாலேயே வளைக்க முடிந்தது நம்ப முடியாத ஆச்சரியம். கறுத்துப்போன கம்பியை அம்மா வாங்கி, குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். புளிப்பு மிச்சமிருந்தால் களிம்பு ஏறும், அந்த இடத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது.

பலகை, தச்சுப் பட்டறையில் மிஞ்சிய வேப்பந்துண்டு. அரை மீட்டர் நீளம். இரண்டு துளை போட்டுக் கம்பியை நட்டு, அடியில் மடக்கிவிட்டோம். ஒன்பது வோல்ட் பேட்டரியின் ஒரு முனை பஸர் வழியாகக் கம்பிக்கு. மறுமுனை நீளமான மெல்லிய ஒயர் வழியாக வளையத்துக்கு. அவ்வளவுதான் சுற்று. வளையம் கம்பியைத் தொடும்போது சுற்று மூடிக்கொள்கிறது. கம்பியின் இரு கோடியிலும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் வளையம் ஓய்வெடுக்க இடம் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தை மட்டும் இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

முதல் வளையத்தை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கிடைத்த கம்பியில் செய்திருந்தேன். மகள் ஒரு சத்தமும் இல்லாமல் மறுகோடிக்குப் போய்விட்டாள். துள்ளிக் குதித்தாள். கம்பியில் வளையம் உரசியதை நான் கண்ணால் பார்த்தேனே! காயில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு, அது மின்சாரத்தைத் தடுக்கும். உப்புத்தாளால் சுரண்டியதும் பஸர் பேசியது. அவள் முகம் வாடியதைப் பார்த்து, சுரண்டாமலே விட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

இதே சுற்றுதான் உலகம் முழுக்க விற்ற ‘ஆபரேஷன்’ விளையாட்டிலும் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜான் ஸ்பினெல்லோ, துளைகள் போட்ட உலோகப் பெட்டியையும் ஒரு கம்பிக் கோலையும் வைத்து இதைச் செய்தார். துளையின் விளிம்பில் கோல் பட்டால் மணி அடிக்கும். 500 டாலருக்கு அதன் உரிமையை விற்றுவிட்டார். மில்டன் பிராட்லி நிறுவனம் 1965இல் அதை நோயாளி உருவமாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2014இல் அவருடைய பல் சிகிச்சைக்கு ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கடையில் வாங்கும் விளையாட்டில் துளையின் அகலம் எல்லோருக்கும் ஒன்றே. வீட்டில் செய்தால் அதை நாமே தீர்மானிக்கலாம். நடுங்காத கை யாருக்கும் கிடையாது; நல்ல ஆரோக்கியமான கைகூட விநாடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். களைப்பிலும் பயத்திலும் காபி கூடினாலும் அது பெரிதாகும். எவ்வளவு நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வது என்பது வளையத்தின் அகலத்தில் இருக்கிறது. ஆகவே மூன்று வளையம் செய்தோம்: 12, 20, 36 மி.மீ. கம்பியின் இரு பக்கமும் முறையே 4, 8, 16 மி.மீ. இடைவெளி.

பெரியது அப்பாவுக்காக. நாற்பது ஆண்டு தையல் வேலை பார்த்தவர். இப்போது காபி டம்ளரைத் தூக்கினால் கை ஆடுகிறது. மடியில் கிடக்கும்போது ஆடுவதில்லை. வேலை செய்யும்போது மட்டும் வரும் நடுக்கம் என்றார் மருத்துவர். நாலு பேர் முன்னால் டம்ளரைத் தொடுவதையே அவர் விட்டிருந்தார்.

“தாத்தா, இது உங்களுக்கு” என்று மகள் நீட்டினாள். முழங்கையை மேசையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, துணியை ஊசிக்கு நகர்த்துகிற அதே நிதானத்தில் அப்பா வளையத்தை நகர்த்தினார். மறுகோடி வரை சத்தமே இல்லை.

“அந்த நடு வளையத்த எடும்மா” என்றார்.

இரண்டாவது வளைவில் பஸர் கத்தியது. வளையத்தைக் கீழே வைக்காமல் முதல் கோடிக்குத் திரும்பிப் போனார்.