அகிம்சைக்கும் ஒரு வகுப்பறை இருந்தது

அறவழிப் போராட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, “அடித்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது கோழைத்தனம் இல்லையா?” என்று மாணவர் ஒருவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகர மாணவர்களின் வரலாறு அதற்கு நல்ல விடை தரும்.

மனிதர் அனைவரும் சமம் என்று 1776-இல் அறிவித்துப் பிறந்த நாடு அமெரிக்கா. ஆனால் 1960-இலும் அதன் தென் மாநிலக் கடைகளில் கறுப்பினத்தவர் பொருள் வாங்கலாமே தவிர, அதே கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து ஒரு காபி குடிக்க முடியாது.

அப்போது நாஷ்வில்லில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் லாசன். நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபோது காந்தியடிகளின் சத்தியாகிரகத்தை ஆழ்ந்து கற்றவர். தேவாலயம் ஒன்றில் கல்லூரி மாணவர்களுக்கு அவர் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சிலர் தாக்குபவர்களாக நடிப்பார்கள். வசைபாடுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பித் தாக்காமல் இருக்கப் பழகுவார்கள். நம் வகுப்பறைகளில் நாம் செய்யும் பாத்திரமேற்று நடித்தல்தான் இது.

1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கடைகளுக்குச் சென்று அமர்ந்தார்கள். உணவு மறுக்கப்பட்டதும் புத்தகங்களைப் பிரித்துப் படித்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. ஆனால் கைதானவர்கள், அடி வாங்கிய சுமார் 80 மாணவர்கள்தாம். அபராதம் கட்ட மறுத்துப் பலர் சிறைக்குச் சென்றார்கள். கறுப்பினக் குடும்பங்கள் நகர மையக் கடைகளைப் புறக்கணித்தன, வியாபாரம் படுத்தது.

ஏப்ரல் 19 அன்று மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மேயர் அலுவலகத்துக்கு அமைதியாக நடந்தார்கள். மாணவி டயேன் நாஷ் மேயர் பென் வெஸ்டிடம், நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று மேயர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாறின. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் இந்த உரிமையை நாடு முழுமைக்கும் ஆக்கியது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். நாஷ்வில் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சிறையை நிரப்பி நிர்வாகத்தைத் திணறடித்தார்கள். புறக்கணிப்பால் வணிகர்களை யோசிக்க வைத்தார்கள். ஒரு கேள்வியால் மேயரின் மனச்சாட்சியைத் தொட்டார்கள். திருப்பி அடித்திருந்தால் அது வெறும் அடிதடி வழக்காகியிருக்கும். அடிக்காததால், யார் பக்கம் நியாயம் என்பது ஊருக்கே தெரிந்தது. நாட்டின் இலட்சியத்தை அவர்கள் நிராகரிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்றே கேட்டார்கள்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒன்று செய்து பார்க்கலாம். டயேன் நாஷின் இடத்தில் நீங்கள் இருந்தால் மேயரிடம் என்ன கேட்டிருப்பீர்கள் என்று ஒவ்வொரு மாணவரையும் ஒரே ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். எந்தக் கேள்விக்கு மேயரால் நழுவிப் பதில் சொல்ல முடியாது என்பதை வகுப்பே விவாதிக்கட்டும். கோழைத்தனமா, துணிவா என்பதை அவர்களே சொல்வார்கள்.