வியாபாரக் கோப்புகளின் பிரயாணம்

திருப்பூர்ப் பனியனை மும்பையில் விற்கும் வியாபாரி ஒருவர், கடையில் அமர்ந்தபடியே ஒரு நாளில் எத்தனை கோப்புகளை வெளியூருக்கு அனுப்புகிறார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் சரக்குப் பட்டியல். நண்பகலில் தணிக்கையாளருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, மாலையில் சம்பளப் பட்டியல், அதனோடு புதிதாகச் சேர்ந்த தொழிலாளர் நால்வரின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும். முற்காலத்தில் இத்தகைய தாள்கள் உறையிலிடப்பட்டு, அரக்கு முத்திரை பெற்று, பதிவுத் தபாலில் சென்றன. இப்பொழுது விரல் ஒன்று அசைந்தவுடன் சென்றுவிடுகின்றன. போய்ச் சேர்ந்தது என்ற குறி தெரிந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். அக்கோப்பு எவ்வழியாகச் சென்றது, வழியில் எங்கே தங்கியது, தங்கிய இடத்தில் இன்னும் கிடக்கிறதா என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை, கள்வர் கேட்கிறார்கள். அக்கேள்விகளைச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்குக் கோப்பு அனுப்ப இன்றும் பல இடங்களில் வழங்கிவரும் விதிமுறைக்கு எஃப்.டி.பி. என்று பெயர். அதன் முதல் வடிவத்தை எழுதியவர் ஓர் இந்தியர் என்பதை நம்மில் பலர் அறியோம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பயின்று 1965-ல் பட்டம் பெற்ற அபய் பூஷண் என்பவர், அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் இருந்தபொழுது, 1971 ஏப்ரலில் அவ்விதிமுறையை வகுத்து வெளியிட்டார். அன்றைய வலைப்பின்னல் சில பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் மட்டுமே இணைத்தது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஒரே அக்கிரகாரத்திலோ ஒரே தெருவிலோ வாழ்பவர் கதவைத் தாழிடாமல் உறங்குவதுபோல, அம்முறையில் பயனாளரின் பெயரும் கடவுச்சொல்லும் கோப்பும் வெறும் எழுத்தாகவே கம்பியில் ஓடின. அஞ்சலட்டையில் எழுதிய செய்தி போன்றது அது. வழியில் கையிலெடுப்பவர் எவரும் படிக்கலாம். இது வகுத்தவரின் குறையன்று. தெரு பெருநகரமான பின்பும் தாழிடாமல் இருந்தது பின்வந்தோரின் குறை.

அந்த நகரத்தில் கள்வர் புகுந்த கதை பல உண்டு. அவற்றுள் ஒன்றிலிருந்து நன்மை பிறந்தது. 1995-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலைப்பின்னலில் ஓடும் கடவுச்சொற்களை யாரோ ஒளிந்திருந்து திரட்டியது தெரியவந்தது. அங்கிருந்த தாத்து யுலேனன் என்ற ஆராய்ச்சியாளர், கணிப்பொறிகள் சங்கேத எழுத்தில் மட்டுமே பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.எச். என்ற முறையை அவ்வாண்டிலேயே எழுதி, எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். இணையத்தில் ஒவ்வொரு வகைப் பேச்சுக்கும் ஓர் எண்ணுள்ள வாசல் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட் என்ற மற்றொரு பழைய முறைக்கு 23. இரண்டுக்கும் இடையே காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். அவ்விரு பழைய வாசல்களையும் அடைக்க வந்தது நடுவாசலில் குடியேறியது ஒரு சிறு வேடிக்கை. இம்முறையின் மேலமர்ந்து கோப்புகளை ஏற்றிச் செல்லும் வாகனமே எஸ்.எஃப்.டி.பி. பெயர் ஒத்திருப்பினும் பழைய எஃப்.டி.பி.க்கும் இதற்கும் உறவில்லை. குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் இரண்டும் பழைய முறைக்கு அளித்த ஆதரவை 2021-ல் நிறுத்திவிட்டன. உங்கள் சரக்கு முகவரோ அச்சகத்தாரோ இன்னும் வெறும் எஃப்.டி.பி. முகவரியை அளித்தால், மாற்று வழி கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

முன்பின் சந்தியாத இரு கணிப்பொறிகள் சங்கேதத்தில் பேசுவது எப்படி? சாவியை முதலில் அனுப்பினால், அதனையும் வழியிலிருப்பவன் எடுத்துக்கொள்வானே? இப்புதிரை 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் அவிழ்த்துக் காட்டினர். அவர்களுடைய கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். சென்னையிலிருப்பவர் திறந்த பூட்டு ஒன்றை மும்பைக்கு அனுப்புகிறார்; சாவி அவரிடமே இருக்கிறது. மும்பையிலிருப்பவர் பெட்டியில் தாளை வைத்து, அப்பூட்டை அழுத்தி மூடி அனுப்புகிறார். பூட்டு வழியெல்லாம் பலர் கண்ணில் படலாம். ஆயினும் பூட்டியபின், பூட்டியவராலும் அதனைத் திறக்க இயலாது. இதனை இரும்பாலன்றிக் கணிதத்தால் செய்திருக்கிறார்கள்.

கூர்ந்து கேட்கும் நேயர் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். வழியிலிருப்பவன் சென்னைப் பூட்டை எடுத்துவைத்துக்கொண்டு, தன் பூட்டை அனுப்பினால் என்ன ஆகும்? நியாயமான ஐயம். ஆகையால்தான் எஸ்.எஃப்.டி.பி. முறையில் ஓர் இடத்தோடு முதன்முறை தொடர்பு கொள்ளும்பொழுது, அப்பூட்டின் கைரேகை போன்ற ஓர் எழுத்துத் தொடரைத் திரையில் காட்டி, இதனை நம்பலாமா என்று நிரல் நம்மைக் கேட்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் படியாமலே ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எதிர்முனையிலிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, அத்தொடரின் முதற்சில எழுத்துக்களையும் இறுதிச்சில எழுத்துக்களையும் ஒப்பிட ஒரு நிமிஷம் போதும். அதுவும் முதன்முறை மட்டுமே.

இதுவரை சொன்னது வழியைப் பற்றியது. வழி இன்று பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது என்றே சொல்லலாம். களவு இப்பொழுது நடப்பது வழியிலன்று. கோப்பு தங்கும் சத்திரத்தில்.

அனுப்பியவரிடமிருந்து பெறுபவரிடம் கோப்பு நேராகச் செல்வது அரிது. இடையில் சர்வர் எனப்படும் ஒரு கணிப்பொறியில் அது இறங்கி, பெறுபவர் வந்து எடுக்கும்வரை காத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே விலைகொடுத்து நிரல்கள் வாங்குகின்றன. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் புரோக்ரஸ் மென்பொருள் நிறுவனம் விற்ற மூவ்இட் என்பது. 2023 மே மாதம் 27-ந் தேதி சனிக்கிழமை. அந்நாட்டில் திங்கட்கிழமையும் விடுமுறையாகையால் அலுவலகங்கள் ஓய்ந்திருந்தன. அந்த நாளில் குளோப் என்ற கள்வர் கூட்டம் உலகெங்குமுள்ள மூவ்இட் சத்திரங்களில் புகத் தொடங்கியது. விற்ற நிறுவனம் குறையை அறிவித்துத் திருத்தத்தை வெளியிட்டது 31-ந் தேதி. அதற்குள் பலருடைய கோப்புகள் போய்விட்டன. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

அவர்கள் புகுந்த விதம் அறியத்தக்கது. கிடங்கு ஒன்றில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். வருபவர் ஒரு சீட்டில் பெயரை எழுதி நீட்டினால், அப்பெயருக்குரிய மூட்டையை எடுத்துத் தருவது அவர் வேலை. ஒருவன் பெயர் எழுதவேண்டிய இடத்தில், எல்லா அறைகளையும் திறந்துவிடவும் என்று எழுதி நீட்டுகிறான். கணக்கப்பிள்ளை சூதறியாதவர், எழுதியதை முதலாளியின் கட்டளையென்று எண்ணிச் செய்துவிடுகிறார். தகவல் களஞ்சியங்களைக் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் இத்தகைய சூது சாத்தியமென்பது நெடுநாளாக அறிந்த செய்தி. பூட்டு உடைக்கப்படவில்லை, சங்கேதம் முறியடிக்கப்படவில்லை. வழியிலிருந்த பாதுகாப்பு அத்தனையும் அப்படியே இருக்க, சத்திரத்தின் பணியாளே கதவைத் திறந்துவிட்டார்.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், பி.பி.சி. ஆகியவற்றின் ஊழியர் விவரங்களும் அக்களவில் போயின. அந்நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பார்த்துவந்த வேறொரு நிறுவனமே மூவ்இட்டைப் பயன்படுத்தியது. ஊழியருக்கோ அப்படியொரு நிரல் இருப்பதே தெரிந்திராது. இதே கூட்டம் 2020 டிசம்பரில் அக்செலியன், 2023 ஜனவரியில் கோஎனிவேர், 2024 டிசம்பரில் கிளியோ என்று கோப்பு அனுப்பும் நிரல்களையே தேடிச் சென்றது. காரணம் எளிது. வீடுவீடாகத் திருடுவதைவிட, பல வீட்டுச் சொத்து ஒருசேரத் தங்கும் சத்திரத்தில் திருடுவது லாபம்.

சிறு வியாபாரிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம்முடைய சத்திரங்கள் வேறு, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் செல்லும் கோப்பு 2016 முதல் முனைக்கு முனை சங்கேதத்தில் செல்கிறது, வழியில் குறையில்லை. ஆனால் அனுப்பிய ஆதார் நகல் உங்கள் தொலைபேசியிலும், பெற்றவர் தொலைபேசியிலும், அவர் மேலும் யாருக்கு அனுப்பினாரோ அவர் தொலைபேசியிலும் படங்களோடு படமாகக் கிடக்கிறது. இதைவிடப் பொல்லாதது ஜெராக்ஸ் கடை. அச்செடுப்பதற்காகக் கோப்பை அக்கடைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறோம். தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு அங்கேயே இருக்கிறது. சில நேரங்களில் நம்முடைய வாட்ஸ்அப்பையே அக்கணிப்பொறியில் திறந்து வைத்துவிட்டு வருவாரும் உண்டு. தாராவியிலோ சூரத்திலோ வேலைக்கு வந்து, உங்களை நம்பித் தம் அட்டையைத் தந்த திருநெல்வேலித் தொழிலாளியின் பெயரில் நாளை எவனோ ஒரு கடன் வாங்கினால், தன் அட்டை எங்கே களவு போயிற்று என்பதை அவரால் என்றும் கண்டுபிடிக்க இயலாது.

ஆகவே சிக்கனமான பாதுகாப்பு எதுவென்றால், சத்திரத்தில் எதையும் தங்கவிடாமை. பெற்றவர் பெற்றேன் என்றதும் இடையிலுள்ள பிரதியை அழியுங்கள். இணைப்பு முகவரி அனுப்பும் முறையாயின், அது இத்தனை நாளில் காலாவதியாகவேண்டும் என்று குறிக்க வசதியுள்ளதா என்று பாருங்கள். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரை, அதனை வழங்கும் ஆணையத்தின் இணையத்தளத்திலிருந்தே பெறலாம். பல காரியங்களுக்கு அதுவே போதும். அனுப்பாத இலக்கத்தை எவனும் திருட முடியாது.

தங்கித்தான் ஆகவேண்டுமென்றால், கோப்பையே பூட்டி அனுப்புங்கள். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் நிரல்களில், கடவுச்சொல்லிட்டு 256 பிட் ஏ.இ.எஸ். சங்கேதத்தில் பூட்டும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. சத்திரம் கொள்ளைபோனாலும் கள்வனுக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டியே. கடையின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைப்பது, பெட்டியின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவதாகும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதுவதும் அவ்வாறே. அதனைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள்.

இரண்டு வழி என்ற இத்தத்துவம் நம் வணிகருக்குப் புதிதன்று. உண்டியல் எழுதிய காலத்தில், பணம் கொடுக்கவேண்டியவருக்குத் தனியாக ஓர் அறிவிப்புக் கடிதமும் எழுதும் வழக்கம் இருந்தது. உண்டியலைக் கொண்டுவருபவன் யாராயினும், கடிதத்தோடு அது ஒத்திருந்தால்தான் பணம். இன்று பெருந்தொகைகள் பறிபோவது இவ்வழக்கம் மறைந்ததால்தான். வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் மின்னஞ்சலைக் கள்வன் கைப்பற்றி, சில நாள் படித்துப் பார்த்து, அவர் எழுதுவது போலவே எழுதுகிறான்: “அண்ணாச்சி, பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது. இம்முறை இந்தக் கணக்கில் செலுத்துங்கள்.” இணைத்திருக்கும் பட்டியல் சரி, தொகை சரி, சரக்கு விவரம் சரி, கணக்கு எண் ஒன்றே வேறு. இத்தகைய கடிதம் வந்தால், அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் பழைய கணக்குப் புத்தகத்திலுள்ள எண்ணை அழைத்து, அவர் குரலைக் கேட்டு, முன்பு நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலையும் விசாரித்த பின்பே பணம் செலுத்துங்கள். குரலையும் இப்பொழுது யந்திரத்தால் போலி செய்கிறார்கள் என்பதால், நீங்களாக அழைப்பது முக்கியம்.

இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டால், எம்மாநிலத்திலிருந்தாலும் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடு. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே கள்வர் புகுந்திருந்தால், செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த கட்டளைப்படி, அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும். யார் எப்பொழுது வந்து போனார் என்று கணிப்பொறி தானே எழுதிவைக்கும் பதிவேட்டையும் 180 நாள் காத்துவைக்கவேண்டும். சிறு நிறுவனங்களுக்கு முதலில் சில மாத அவகாசம் தந்தார்கள். அது 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. பதற்றத்தில் அந்தப் போலி மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். பணம் செலுத்திய ரசீது எண்ணோடு அதனையும் அப்படியே வைத்திருங்கள். புகாருக்கு வேண்டிய முதற்சான்று அதுவே.