மீறிய வேகமும் மீளும் உரிமையும்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்துவந்த காலத்தில், சிப்பிகள் படிந்த எந்தக் கடலடிப் பாரிலும் குளிக்க உத்தரவு பிறக்குமுன், சர்க்கார் அதிகாரிகள் அங்கிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்த்த பிறகே, சலாபம் நடத்தலாமா கூடாதா என்று தீர்மானிப்பார்கள். அதே ஊரில் இன்று பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது தயாரித்தவர் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆசைப்படும் இளைஞர்கள் பரீட்சை ஒன்றுமின்றி நேரே விளையாட்டில் இறங்கிவிடுகிறார்கள்; பாதி ஆட்டத்தில் திரை நீலமான பிறகுதான் காரணத்தைத் தேடுகிறார்கள்.

காரணம் பெரும்பாலும் உஷ்ணத்திலும் வோல்டேஜிலும் இருக்கிறது. கூட்டிய வேகத்தில் பிழையின்றி இயங்கப் பிராசஸருக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அது செலவழிக்கும் மின்சக்தியோ வேகத்தின் அளவிலும், வோல்டேஜின் வர்க்கத்தின் அளவிலும் பெருகுகிறது. ஆகவே வேகத்தில் 5 சதவீதமும் வோல்டேஜில் 10 சதவீதமும் ஏற்றியவன், தான் சொற்பமே ஏற்றியதாக எண்ணிக்கொண்டிருக்க, உள்ளே எழும் உஷ்ணத்தின் பாரம் ஏறத்தாழ 27 சதவீதம் கூடிவிடுகிறது. சாதாரண விசிறிக் கூலர் எத்தனை விலையுயர்ந்ததாயினும், அறையின் உஷ்ணத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது, ஏ.சி. அறையில் 21 டிகிரியில் எவரோ சோதித்துக் காட்டிய கணக்கை, சித்திரை மாதத்தில் 36 டிகிரி நிற்கும் மாடியறைக்குக் கொண்டுவருகிறவர், அந்த 15 டிகிரியையும் கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும். உப்பளப் பக்கத்து ஈரக்காற்றில் கூலரின் தகடுகளுக்கிடையே தூசி களிம்புபோல் அப்பிக்கொள்வதால், விசிறி சுழன்றும் காற்று புகாத நிலையும் சேர்ந்துகொள்கிறது.

நீலத்திரையும் தானாக நேரும் ரீஸ்டார்ட்டும் ஒருவகையில் உபகாரிகளே. குற்றத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. திரையில் ஏதும் தோன்றாமலே கோப்புகள் கெட்டுக் கணக்குகள் பிசகுவதுதான் பெரிய அபாயம். துறைமுகத்து ஏஜென்ட் ஒருவரின் பில்களோ, கல்யாண வீடியோக்காரரின் ஒரு பருவத்து உழைப்போ அதில் போய்விடலாம். ஆகையால் முதற்காரியம், கணிப்பொறியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸுக்குள் சென்று எல்லா அமைப்புகளையும் டீஃபால்ட்டுக்குத் திருப்புவது. ரேமின் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்னும் அமைப்புகளும் ஓவர்கிளாக் இனத்தைச் சேர்ந்தவையே என்பதைப் பலர் அறியார், அவற்றையும் அணைக்கவேண்டும். அதன்பின் மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமையும், பிரைம்95 கொண்டு பிராசஸரையும், உஷ்ணத்தைக் கவனித்தபடி, சில மணி நேரம் சோதிக்கலாம். தொல்லை நின்றுவிட்டால் குற்றம் நாம் ஏற்றிய வேகத்தில். மறுபடி ஏற்றுவதானால், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்து ஏறவேண்டும். தடுமாறினால் வோல்டேஜைக் கூட்டாமல் 100 மெகாஹெர்ட்ஸ் இறங்குவதே விவேகம். தொல்லை நில்லாவிட்டால் குற்றம் பெரும்பாலும் ஏதோவொரு பாகத்தில். பாத்தியதையின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏனெனில், எல்லாக் குற்றமும் வாங்கினவனுடையதன்று. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் கணிப்பொறி நிலைகுலைந்ததும், மிகையான வோல்டேஜ் அதற்குக் காரணமென்று 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டதும் உலகறிந்த விஷயம். பல மதர்போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே இன்டெல் சொன்ன வரம்பை மீறிய அமைப்புகளோடு வந்தன. உரிமையாளர் அறியாமலே அவர் கணிப்பொறி வரம்பை மீறி ஓடியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திருத்தம் பயாஸ் வழியாக வெளிவந்ததோடு, பெட்டியில் அடைத்து விற்ற பிராசஸர்களுக்கு மூன்று வருஷ வாரண்டி ஐந்து வருஷமாக நீட்டப்பட்டது. திருத்தம் மேலும் கெடாமல் காக்குமேயன்றிக் கெட்டதைச் சீராக்காது. சேதமடைந்ததை மாற்றித்தரக் கேட்கவேண்டும். அத்திருத்தத்தை ஏற்றுகையில் யு.பி.எஸ். இல்லாமல் துணியவேண்டாம், நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கக்கூடும்.

தாமாகவே வேகத்தை ஏற்றிச் சேதப்படுத்தியவருக்கு வாரண்டி பொதுவாக உதவாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவும், தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ இருக்கும் பொருளைக் காட்டி விற்றவர்மேல் பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இயலாதென்கிறது. ஏற்றியதை மறைத்துப் புதுப் பிராசஸர் கேட்பதைச் சாமர்த்தியம் என்பார் உண்டு. நான் அதைப் பொய் என்றே சொல்வேன். ஆனால் டீஃபால்ட்டிலும் நிலைகுலையும் பொருளைக் கடைக்காரர் பரிசோதியாமலே, ‘ஓவர்கிளாக் பண்ணியிருப்பீங்க’ என்று ஒதுக்கிவிட்டால், அதை ஏற்றுக்கொண்டு திரும்பவேண்டியதில்லை. முதலில் எழுத்தில் புகார் கொடுத்து எழுத்தில் பதில் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் ஊரான தூத்துக்குடியின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. வியாபார நோக்கத்துக்கு வாங்கிய கம்பெனிக்கு இந்த வழி இல்லையென்றாலும், சுயதொழிலால் பிழைப்பவர் தாமே உபயோகிக்க வாங்கியதற்கு உண்டு.

ஆணையத்தில் வாய்ச்சொல்லைவிடச் சாட்சியங்களே பேசும்: டீஃபால்ட்டுக்குத் திருப்பிய பயாஸ் திரையின் போட்டோ, சோதனையில் வந்த பிழைச்செய்தி, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பதிவான தேதியும் நேரமும், பெட்டியிலுள்ள சீரியல் எண், அவற்றோடு பில். கடைகளில் மெஷின் துப்பும் வழுவழுப்பான பில்லின் எழுத்து, ஒரு கோடை கழிவதற்குள் வெளுத்துப்போகும் ஜாதி. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.