கார் சம்மதித்தால்தான் கரண்ட்

சியாட்டிலில் மகள் வீட்டில் கோடையைக் கழித்துவிட்டு வந்த வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மளிகைக் கடைக்குப் போகும் வழியில் மின்சாரக் கார்களுக்கான சார்ஜிங் ஸ்டேஷன் ஒன்று. வரிசையாக நின்ற கம்பங்களில் ஒன்றில்கூடக் கேபிள் இல்லையாம், முழ நீளத்துக்கு அறுந்த நுனிகள்தான் தொங்கினவாம். "செம்புக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அவ்வளவு கரண்ட் ஓடுகிற கம்பியை வெட்டினால் வெட்டியவன் கருகிப்போக மாட்டானா?" என்று கேட்கிறார்.

மாட்டான். கார் மாட்டாத நேரத்தில் அந்தக் கேபிளில் ஆளைத் தாக்கும் மின்சாரம் இல்லை. ஏன் இல்லை என்பது இந்த இயந்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வீட்டுச் சுவரில் சுவிட்சைப் போட்டுவிட்டால் ப்ளக் துளைக்குள் கரண்ட் வந்து நிற்கும். செருகுவது மிக்சியா, குழந்தையின் விரலா என்று அது பார்ப்பதில்லை. சார்ஜிங் கம்பம் பார்க்கிறது. அதற்குள் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் ஒன்று எப்போதும் அணைந்தே இருக்கும். கேபிளுக்குள் தடித்த கம்பிகளோடு மெல்லிய கம்பி ஒன்றும் ஓடுகிறது. அதற்கு கன்ட்ரோல் பைலட் என்று பெயர். கைப்பிடி சும்மா தொங்கும்போது கம்பம் இந்த மெல்லிய கம்பியில் 12 வோல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். மோட்டார் சைக்கிள் பேட்டரியின் அளவுதான் அது. கைப்பிடியைக் காரில் செருகியதும் காருக்குள் இருக்கும் ஒரு மின்தடை அந்த 12-ஐ 9-ஆக இறக்குகிறது. வண்டி வந்திருக்கிறது என்று கம்பம் புரிந்துகொண்டு நொடிக்கு 1,000 முறை துடிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னழுத்தம் மேலே நிற்கும் நேரத்தின் அளவில்தான் சேதி இருக்கிறது. பாதி நேரம் மேலே நின்றால் 30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள், பத்தில் ஒரு பங்கு நேரம் என்றால் 6 ஆம்பியர்தான். காருக்குச் சம்மதம் என்றால் இன்னொரு மின்தடையைச் சேர்த்து 9-ஐ 6-ஆக்குகிறது. அதற்குப் பிறகுதான் கம்பத்துக்குள் 'டக்' என்ற சத்தத்தோடு கான்டாக்டர் சேர்ந்து தடித்த கம்பிகளில் கரண்ட் ஓடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காருக்குள் அந்த மின்தடைகளோடு ஒரு டயோடு இருக்கிறது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் மிகச் சிறிய, மிக மலிவான பொருள். துடிப்பு +12-க்கும் −12-க்கும் இடையே ஏறி இறங்குகிறது அல்லவா? டயோடு இருப்பதால் மேல்பாதி மட்டும் 9-ஆகவும் 6-ஆகவும் இறங்குகிறது. கீழ்ப்பாதி −12-இலேயே நிற்கிறது. கைப்பிடி மழைத்தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வையுங்கள், அல்லது குழந்தை ஈர விரலை உள்ளே விட்டுவிட்டது. தண்ணீரும் விரலும்கூட மின்தடைதான். தற்செயலாக 12-ஐ 9-க்கோ 6-க்கோ இழுத்துவிடக்கூடும். ஆனால் தண்ணீருக்கு மேல் கீழ் தெரியாது. இரண்டு பாதியையும் சேர்த்தே இழுக்கும். கீழ்ப்பாதியும் அசைந்தால் எதிரில் இருப்பது கார் இல்லை என்று கம்பம் கண்டுகொண்டு கரண்டை விடாமல் நின்றுவிடும். உலகம் முழுக்கத் தெருவோரங்களில் மழையிலும் பனியிலும் நிற்கும் இந்தக் கம்பங்களை நம்பி நாம் குழந்தையோடு பக்கத்தில் நிற்க முடிவதற்கு இந்தத் துணுக்கும் ஒரு காரணம். இதை யோசித்த பொறியாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேபிளை வெட்டினாலும், பைலட் கம்பி அறுந்ததும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கான்டாக்டர் விலகிவிட வேண்டும் என்பது விதி. நம்மைக் காக்க அமைத்த இந்த ஏற்பாடு திருடனையும் காத்துவிடுகிறது. அவனுக்கு வேண்டியது ஒரு பெரிய கம்பி வெட்டியும் இரண்டு நிமிடமும்தான். பூமிக்கடியில் கம்பத்துக்கு வந்து சேரும் கேபிள் அப்படியல்ல. அதில் எந்நேரமும் கரண்ட் உண்டு. பெட்டியை உடைத்து அதில் கைவைப்பவன் உயிரோடு விளையாடுகிறான்.

இன்னொரு விளைவும் உண்டு. சும்மா தொங்கும் கேபிளை வெட்டினால் கம்பத்துக்கு என்ன தெரியும்? பைலட் கம்பியின் மறுமுனையில் முன்பும் ஒன்றும் இல்லை, இப்போதும் ஒன்றும் இல்லை. 12 வோல்ட் 12 வோல்ட்டாகவே நிற்கும். கேபிள் போனது அந்தக் கம்பத்துக்கே தெரியாது.

அமெரிக்காவில் இது எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு எலெக்ட்ரிஃபை அமெரிக்கா நிறுவனம் சொன்ன கணக்கே போதும். நாடு முழுக்க 968 இடங்களில் வேகச் சார்ஜர்கள் வைத்திருந்த நிறுவனம் அது. 2022 வாக்கில் ஆறு மாதத்துக்கு ஒரு கேபிள் போனாலே அதிகம். 2024-இல் மே மாத முடிவுக்குள்ளேயே 129 போய்விட்டன. அந்த மே மாதத்தில்தான் உலகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் ஒரு கேபிளில் கிடைக்கும் செம்புக்கு 15 முதல் 20 டாலர்தான் தேறும் என்கிறது அதே நிறுவனம். பிரிட்டனின் இன்ஸ்டாவோல்ட் சொல்லும் கணக்கில் செம்பு 25 பவுண்டு, புதுக் கேபிள் மாட்ட ஏறக்குறைய 1,000 பவுண்டு.

சார்ஜரின் வேகம் கூடக் கூடக் கேபிளில் செம்பும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். அதிவேகச் சார்ஜர்களில் நடப்பது வேறு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. அதைத் தாங்கும் அளவுக்குச் செம்பைத் தடிக்க வைத்தால் கேபிளை ஒருவரால் தூக்கவே முடியாது. அதனால் கேபிளுக்குள் குளிர்திரவத்தைச் சுற்றவிட்டுச் சூட்டை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அப்போது மெல்லிய செம்பே போதும். டெஸ்லாவின் மூன்றாம் தலைமுறை சார்ஜர் முந்தையதைவிட அதிக மின்சாரம் தருகிறது. அதன் கேபிளோ 44 சதவீதம் எடை குறைவு. வெட்டியவன் கையில் ரப்பரும் ஒழுகும் திரவமும் கொஞ்சம் செம்பும் மிஞ்சுகின்றன. விலை உயர்ந்த கேபிள் மட்டும் நாசமாகிறது.

எங்கள் ஊரில் இந்த நோய் பழையது. கிணற்று மோட்டார் ஒயர் திருட்டு. ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள ஒயரில் மோட்டார் ஓடாதபோது கரண்ட் இருக்காது. ஸ்டார்ட்டருக்குள் இருப்பதும் ஒரு கான்டாக்டர்தானே. மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும் காலத்தில், எப்போது மோட்டார் ஓடாது என்பது திருடனுக்கு அத்துப்படி. காலையில் போய்ப் பார்த்தால் ஓடைக்கரையில் ஒயரின் தோலை எரித்த கரி மட்டும் கிடக்கும். ஒயர் வாங்கி இறக்கும் வரைக்கும் பாத்தி காயும். சித்தப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு அலுமினிய ஒயருக்கு மாறிவிட்டார். அதை எடுத்துப்போக யாரும் வரவில்லை.

சார்ஜர் கேபிளுக்கு அந்த வைத்தியம் செல்லாது. அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும், அதனால் இன்னும் தடிமனாக வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ பேர் வளைத்து இழுக்கும் இடத்தில் சீக்கிரம் முறிந்தும்போகும். அதனால் வேறு வழிகளில் முயல்கிறார்கள். கத்திக்கு மசியாத இழைகளையும் எஃகுப் பின்னலையும் கேபிள் மேல் போர்த்துகிறார்கள். உறைக்குள் சாயத்தை அடைத்துவைத்து, வெட்டினால் பீய்ச்சி அடிக்கும்படி செய்கிறார்கள். பிரிட்டனில் கேபிளுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியை வைப்பதும் உண்டு. ஐரோப்பாவின் தெருவோர மெதுசார்ஜர்கள் பலவற்றில் கேபிளே கிடையாது, வெறும் துளைதான். ஓட்டுநர் தன் கேபிளைக் காரிலேயே கொண்டுவந்து மாட்டவேண்டும். சார்ஜ் ஏறும் வரை ஒரு முள் அதைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும். மெதுசார்ஜருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம். அதிவேகச் சார்ஜருக்கு இது நடக்காது. குளிர்திரவக் கேபிளை யாரும் டிக்கியில் சுருட்டிவைக்க முடியாது.

எஃகுப் போர்வை பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. கேபிள் கனத்தால் முதலில் திண்டாடுவது திருடன் அல்ல, முழங்கை வலியுள்ள பெரியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும்தான். எல்லோராலும் கையாள முடிகிற சார்ஜர் எப்படி இருக்கவேண்டும் என்று பிரிட்டன் 2022-இல் தனித் தர வரையறையே வெளியிட்டது. திருடனுக்குப் பயந்து கவசம் ஏற்றும்போது அதை மறந்துவிடக்கூடாது.

கனமே இல்லாத காவல் ஒன்று ஏற்கெனவே கேபிளுக்குள் இருக்கிறது. வேகச் சார்ஜரின் கைப்பிடிக்குள், மின்முனைகளுக்குப் பக்கத்தில், வெப்ப அளவி உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை மாறும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர் வேகத்தைக் குறைக்கும். (ஈரத்துணியைக் கைப்பிடியில் சுற்றி இந்த அளவியை ஏமாற்றினால் சார்ஜ் வேகமாக ஏறும் என்று அமெரிக்காவில் சிலர் கிளம்பினார்கள். வேகம் கூடாது, சூட்டைக் கவனிப்பதுதான் கெடும் என்று டெஸ்லா எச்சரிக்க வேண்டியதாயிற்று. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.) பைலட் கம்பியால் சொல்ல முடியாததை இந்த அளவியின் கம்பி சொல்லிவிடும். கேபிள் அறுந்த நொடியில் அளவு காணாமல் போகும். சார்ஜர் சும்மா இருக்கும்போதும் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும்படி மென்பொருளை எழுதிவிட்டால், அந்த நொடியிலேயே சைரன் அலறும், விளக்குகள் எரியும், கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போகும். நம் நெடுஞ்சாலை ஓட்டல்களின் வாசலில் வந்துகொண்டிருக்கும் வேகச் சார்ஜர்களிலும் இதே அளவி இருக்கிறது. வாங்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள் என்று சார்ஜர் வைப்பவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். கேபிள் போனபிறகு கேட்டால் செலவு இரட்டிப்பு.

இதெல்லாம் கம்பத்தின் பக்கம் செய்ய முடிந்தவை. வெட்டிய செம்பு போகும் இடம் காயலான் கடை. லாஸ் ஏஞ்சலஸில் 2022-இல் திறந்த ஆறாவது தெருப் பாலத்தின் விளக்குகளுக்கான செம்புக் கம்பியைச் சுமார் 7 மைல் நீளத்துக்கு உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காயலான் கடை விலைக்குப் போட்டால் ஏறக்குறைய 11,000 டாலர், சரிசெய்ய ஆகும் செலவு சுமார் 25 லட்சம் டாலர். அவ்வளவு கம்பியை யாரோ ஒருவர் தராசில் ஏற்றி, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் காசு கொடுத்திருக்கிறார். வெட்டியவனைவிட அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே தடுத்துவிட்டன. விற்பவர் யாரென்று சரிபார்க்கவும் வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் உலோகத் திருட்டு வெகுவாகக் குறைந்தது. செம்பின் விலை இறங்கியதும் ஒரு காரணம் என்றாலும் சட்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் தெருவிளக்குக் கம்பிகள் போய்ப்போய்த் தெருக்கள் இருண்டபோது, செம்பை விற்பவருக்கே உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஓடைக்கரைக் கரியைப் பார்த்துப் புகார் கொடுத்தவர்கள் உண்டு. பழைய இரும்புக் கடையின் பதிவேட்டைக் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரவில் ஐந்து சதவீதச் சார்ஜோடு வந்து நிற்பவருக்கு இந்த வாதங்களால் பயனில்லை. சொந்த வீடும் வாசலும் இருப்பவர்கள் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார்கள். பொது சார்ஜரை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக் குடியிருப்புக்காரர்களும் வெளியூர்ப் பயணிகளும். அறுந்த நுனியைப் பார்த்தால் தொடாதீர்கள், பெட்டி உடைந்திருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அழைத்து எந்தக் கம்பம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பைலட் கம்பியில் 12 வோல்ட் அப்படியே நிற்பதால், கேபிளே இல்லாத அந்தக் கம்பத்தைச் செயலி இன்னமும் 'காலி' என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதை நம்பி அடுத்த கார் கிளம்பியிருக்கும்.