ஸ்பானிஷ் வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

ஏப்ரல் மாதம் பிறந்தால் போதும், சங்க நிகழ்ச்சிகளில் என்னைத் தேடி வரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடும். தில்லியில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு நான் ஸ்பானிஷ் கற்பிக்கிறேன் என்பது நம் அங்கத்தினர்கள் பலருக்கும் தெரியும். "ஸ்பானிஷ் எடுத்தால் மார்க்கை அள்ளலாமாமே?", "பிரெஞ்சைவிடச் சுலபமா?", "தமிழை விட்டுவிட்டு இதை எடுக்கலாமா?" கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டுக்கும் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை, தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவல் நடத்துகிற அளவுக்கு ஸ்பானிஷ் பேச 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. (தமிழுக்கு எவ்வளவு தெரியுமா? 1100 மணி! நம் குழந்தைகள் தொட்டிலில் கிடந்தபடியே சம்பாதித்துவிடும் சொத்து அது.) எங்கள் பள்ளியில் வாரத்துக்கு நான்கு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். விடுமுறையும் தேர்வும் போக ஆண்டுக்கு முப்பத்தைந்து வாரம் தேறினால் அதிகம். பெருக்கிப் பாருங்கள், ஆண்டுக்கு 93 மணி வரும். ஒன்பதும் பத்தும் சேர்த்து 190 மணிகூட இல்லை. அதுவும் பெரியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகப் படிக்கிற 600 மணிக்கு எதிரே, கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் திருடிய 190 மணி.

ஆகவே இரண்டு ஆண்டில் பையன் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவான் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பின் எதை எதிர்பார்க்கலாம்? ஐரோப்பிய நாடுகள் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஏ-1 என்ற முதல் படியிலிருந்து சி-2 வரை ஆறு படிகள். நம் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது ஏ-1ஐ உறுதியாகத் தாண்டி, ஏ-2வில் ஒரு காலை வைத்திருந்தால் நல்ல தேர்ச்சி. அதாவது தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வது, கடையில் விலை கேட்பது, வழி கேட்பது, மணி சொல்வது, நேற்று என்ன செய்தேன் என்பதைச் சின்ன வாக்கியங்களில் விவரிப்பது, மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வது. கேட்க அற்பமாக இருக்கிறதா? அடுத்த வீட்டுப் பஞ்சாபிக்காரரிடம் இருபது வருடமாகக் குடியிருந்தும் இத்தனையையும் பஞ்சாபியில் சொல்ல முடிகிற தமிழர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆண்டின் முதல் நாள் நான் மாணவர்களுக்குச் சொல்லும் எதிர்பார்ப்புகள் அதிகமில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு வகுப்பில் ஸ்பானிஷ்தான் நடமாடும். நானும் முடிந்தவரை அதிலேயே பேசுவேன், அவர்களும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் அதிலேயே கேட்க வேண்டும். அமெரிக்காவின் அயல்மொழி ஆசிரியர் அமைப்பு, வகுப்பு நேரத்தில் தொண்ணூறு சதவீதமாவது கற்கும் மொழியிலேயே நடக்கட்டும் என்று 2010-இல் பரிந்துரைத்தது. என் வகுப்பில் தொண்ணூறு எட்டுவதில்லை. எழுபது வந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. பேசும்போது தப்பு வந்தால் நிறுத்தித் திருத்த மாட்டேன், முடித்த பிறகுதான் சொல்வேன். நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பதால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த அறை ஆசிரியர் சத்தம் என்று புகார் சொல்வார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிராயச்சித்தம் செய்வது உதவாது.

இன்னொன்று, கைபேசி மொழிபெயர்ப்பு. வீட்டுப்பாடத்தை அதில் போட்டு எடுத்து வந்தால் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் போதும். மூன்று மாதம் படித்த பிள்ளை, மூன்றாம் ஆண்டில் வரும் வினை வடிவத்தை எழுதியிருக்கும். எழுதியதை வாயால் சொல்லு என்பேன், அவ்வளவுதான்.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பில் 80 மார்க் எழுத்துத் தேர்வு, 20 மார்க் பள்ளியின் உள்மதிப்பீடு. எழுத்துத் தேர்வு பிள்ளையின் வாயைக் கேட்பதில்லை. வினைச்சொல் அட்டவணைகளையும் நாலைந்து மாதிரிக் கடிதங்களையும் உருப்போட்டுத் தொண்ணூற்றைந்து வாங்கிவிடலாம், வாங்குகிறார்கள். வேறொரு பள்ளியிலிருந்து எங்களிடம் வந்த ஒரு மாணவியின் பழைய மார்க் ஷீட் பிரமாதமாக இருந்தது. "கோமோ தே யாமாஸ்?" என்று பெயர் கேட்டேன். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். கரும்பலகையில் எழுதினேன், உடனே பதிலை எழுதிக் காட்டினாள்! ஓராண்டில் அவள் காதில் ஸ்பானிஷ் விழவே இல்லை. குற்றம் அவளுடையதல்ல. மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்று நீங்கள் சொன்னால் பள்ளிகள் அதை மட்டும்தான் தரும்.

இனி மூன்றாவது கேள்வி. தமிழ் தெரிந்த குழந்தை ஸ்பானிஷ் வகுப்புக்குக் கைநிறைய முதலோடு வருகிறது என்பது என் அனுபவம். 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். ஆங்கிலத்தில் 'நான்' காப்பியை விரும்புகிறேன். ஸ்பானிஷில் நம்மைப் போலவே 'எனக்கு'. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலத்தின் வழியே யோசிக்கிற குழந்தை இந்த இடத்தில் வாரக்கணக்கில் தடுமாறும். தமிழில் யோசித்தால் ஒரே பீரியடில் பிடிபடும். (இந்திக்காரக் குழந்தைகளுக்கும் 'முஜே பஸந்த் ஹை' உண்டு, அவர்களும் பிழைத்துக்கொள்வார்கள்.) 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் நான், நீ என்பவை தேவையில்லை. நீ, நீங்கள் என்ற மரியாதைப் பேதமும் உண்டு.

உச்சரிப்பும் அப்படியே. ஸ்பானிஷின் த நம்முடைய பல்லைத் தொடும் த. ஆங்கிலப் பழக்கத்தில் 'புவேனோஸ் டியாஸ்' என்பவர்கள் 'தியாஸ்' என்று வரச் சிரமப்படுவார்கள். 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. அதில் வரும் மெல்லிய த, நாம் 'அது' என்னும்போது வருவதுதான். மஞானா, செஞோர் என்ற சொற்களில் நம் ஞ உட்கார்ந்திருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ரகர றகர பேதம் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக் குழந்தைக்கு இதில் பாதி வேலை மிச்சம். மேசையை அவர்கள் 'மேசா' என்பார்கள். நாம் அந்தச் சொல்லை வாங்கியது போர்த்துக்கீசியரிடம், அது ஸ்பானிஷுக்கு உடன்பிறந்த மொழி.

தடுக்கி விழும் இடமும் உண்டு. அந்த மேசை பெண்பால்! புத்தகம் ஆண்பால்! உயிரில்லாததை எல்லாம் அஃறிணை என்று தள்ளிவைத்த நமக்கு இது பெரிய அக்கிரமம். இந்தி கைகொடுக்குமா என்றால் பாதிதான். நாற்காலி இரண்டு மொழியிலும் பெண்பால், புத்தகமோ இந்தியில் பெண், ஸ்பானிஷில் ஆண். சொல்லோடு பாலையும் சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இருத்தலுக்கு இரண்டு வினைகள் என்பதும் ஒரு தலைவலி. 'நான் ஆசிரியை', 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்ற நம் பேதத்தைக் காட்டித்தான் தொடங்குவேன். 'உயரமாக இருக்கிறான்' என்பதில் அந்த உபாயம் உடைந்துவிடும். அதுவரை வண்டி ஓடியது லாபம்.

என் வருத்தம் என்னவென்றால், 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நான் உதாரணம் காட்டும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரே "அப்படியென்றால் என்ன, மேடம்?" என்கிறார்கள். ஆறாம் வகுப்பிலேயே தமிழை விட்டாயிற்று, வீட்டிலும் ஆங்கிலம். சென்னையில் பாட்டி தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அம்மாகிட்டே குடு" என்று சொல்லிவிடுகிறாள். இவர்களுக்கு நான் ஸ்பானிஷில் பாட்டி என்ற சொல்லைக் கற்பிக்கிறேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, மூன்று மொழிகளில் இரண்டாவது இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பானிஷ் உட்பட அயல்மொழிகளை அவற்றுக்கு மேல் கூடுதலாகத்தான் பேசுகிறது. பள்ளிகளில் இது நடைமுறைக்கு வரும் விதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, ஆகவே சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் இடமில்லையென்றால் தில்லியில் 2009 முதல் செர்வாந்தஸ் நிலையம் இருக்கிறது. அங்கே நடக்கும் 'டெலே' தேர்வில் பேச்சுக்கும் தனிப் பகுதி உண்டு, பள்ளி வயதினருக்கென்றே தனி வடிவமும் உண்டு, சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. ஸ்பானிஷைப் பதினெட்டு வயதிலும் தொடங்கலாம், இருபத்தெட்டிலும் தொடங்கலாம். தமிழை வீட்டில் கேட்டுப் பழகும் வயது அப்படித் திரும்பி வருவதில்லை. ஒன்றை எடுக்க ஒன்றை விட வேண்டும் என்று பள்ளி நிர்ப்பந்தித்தால், என்னிடம் வர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஸ்பானிஷ் ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்பார். கேட்கட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால், எத்தனை மார்க் என்பதோடு, இந்த மாதம் புதிதாக என்ன பேசினான் என்றும் கேளுங்கள். போன வருடம் ஒரு தந்தை அப்படிக் கேட்டார். பையனையே கூப்பிட்டேன். தன் பாட்டியைப் பற்றி ஸ்பானிஷில் ஏழு வாக்கியம் சொன்னான், இரண்டில் வினைமுடிவு தப்பு. "பாட்டி கும்பகோணத்தில் இருக்கிறாள், அவளுக்கு முழங்கால் வலிக்கிறது, அவளுக்கு என் அப்பாவின் குரல் பிடிக்கும்" என்று நான் தமிழில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மார்க்கைக் கேட்டார். எண்பத்தொன்று.