மாத்திரை இலவசம், ரகசியம்தான் செலவு

எச்.ஐ.வி. உறுதியானதும் பலர் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல, 'வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?' என்றுதான். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய கூட்டு மருந்து, 2017 முதல் சிடி4 அணுக்கள் எத்தனை இருந்தாலும் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை.

ஆனால் உள்ளூர் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று வெளியூர் மையத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு. ஒரு கட்டத்தில் போவதே நின்றுவிடுகிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகலாம். உடல்நிலை சீரானபின், வீட்டுக்கு அருகிலுள்ள இணைப்பு மையத்துக்கு மாற்றித்தரக் கேட்கலாம்.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம், சம்மதமின்றி ஒருவரின் தொற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது. (டீக்கடை வாயை எந்தச் சட்டம் மூடும் என்பது வேறு விஷயம்.) குழப்பமிருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே விசாரிக்கலாம்.